பாஷாணம் கல்லாகும் சேறு

முதல் நாள்: தேவிபட்டினம்

மாட்டுத்தாவணியில் விடியற்காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினேன். மடியில் ஒரு பிஸ்கட் தகர டப்பா. கண்டக்டர் அதை மேலே வைக்கச் சொன்னார், நான் மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் இரண்டு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் விரல் நீளத்தில் மூடி போட்ட இருபத்து நான்கு ட்யூப்கள். ஒவ்வொன்றிலும் பத்து மில்லி திரவம்: உப்பு, கொஞ்சம் ஈஸ்ட் சாறு, பாக்டீரியாவுக்குத் தீனியாக லாக்டேட், கடைசியாக செலினியம் என்ற தனிமத்தின் உப்பான சோடியம் செலினைட். ஒரு ட்யூபில் உள்ள செலினியம் ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. ஆனால் ஒரு மனிதர் ஒரு நாளில் உட்கொள்ளலாம் என்று வைத்திருக்கும் மேல்வரம்பைப் போல இரண்டு மடங்கு அது. மடியை விட்டு எப்படி இறக்குவேன்?

மதுரையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவி ஒருத்திக்குப் பாம்பன் பக்கம் சின்னப்பாலம். அவளுடைய எம்.எஸ்ஸி. ஆய்வுக்காகத்தான் இந்தப் பயணம். இராமநாதபுரம் கடற்கரைச் சேற்றில் செலினியத்தின் விஷத்தை முறிக்கும் பாக்டீரியா இருக்கிறதா? இருந்தால் எந்தச் சேற்றில் வேகமாக வேலை செய்கிறது? முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரையில் செலினியம் மாசு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கடல் நீரில் அது லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் அளவுக்குத்தான் இருக்கும். மாசு படாத சேற்றிலும் இந்தப் பாக்டீரியாக்கள் இருக்கும் என்பதுதான் விஷயமே.

பரமக்குடி தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். மாணவி இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வாளியும் கையுறையுமாக நின்றிருந்தாள். இட்லி சாப்பிட்டுவிட்டு நேராகத் தேவிபட்டினம்.

கடலுக்குள் ஒன்பது கல். நடைமேடையில் நடந்து போய்ப் பார்க்கிறார்கள், சிலர் தண்ணீரில் இறங்கிச் சுற்றி வந்து நவதானியம் போடுகிறார்கள். இலங்கைக்குப் போகும் முன் ராமர் நவகிரகங்களை நினைத்து நட்ட கற்கள் என்பது ஐதீகம். கரையில் சேறு எடுக்கக் குனிந்தபோதுதான் அந்தப் பெயர் உறைத்தது. பாஷாணம் என்றால் கல். பாஷாணம் என்றால் விஷமும்தான். இங்கே இருக்கும் நவபாஷாணம் ஒன்பது கல், பழனியில் போகர் செய்ததாகச் சொல்லும் நவபாஷாணம் ஒன்பது விஷம். ஒரே சொல். என் டப்பாவுக்குள் நடக்கவேண்டியதும் இதுதான். தண்ணீரில் கரைந்து விஷமாக இருக்கிற பாஷாணம் கரையாத கல்லாக மாற வேண்டும்.

செலினியம் 1817இல் சுவீடனில் கிடைத்த தனிமம். கந்தக அமிலம் செய்யும் இடத்தில் அடியில் தங்கிய சிவப்பு வண்டலைப் பெர்ஸீலியஸ் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து, நிலாத் தெய்வத்தின் பெயரை வைத்தார். தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும். பொடுகு ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் செலினியம் சல்ஃபைடு என்று போட்டிருக்கும். நம் உடம்புக்கும் அது வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம். 400 தாண்டக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவில் ஏழெட்டு மடங்குதான் இடைவெளி.

இரவு லாட்ஜ் மொட்டைமாடியில் வேலை. ஒரு சிட்டிகை சேறு, ட்யூபை விளிம்பு வரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி இறுக்கினோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே சேற்றை ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்து இன்னொரு ட்யூபில். கொதித்த சேற்றில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செத்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் வேலை செய்தது உயிர்தான் என்று சொல்லலாம்.

இரண்டாம் நாள்: உப்பூர், காரங்காடு

காலையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. மாணவிக்கு முகம் வாடிவிட்டது. "ஒரு ராத்திரிதானேம்மா ஆச்சு" என்றேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் பஸ். திருப்பாலைக்குடி தாண்டி உப்பூரில் டீ குடிக்க இறங்கினோம். வெயிலுகந்த விநாயகர் இருக்கும் ஊர். பெயருக்கேற்ற வெயில். இந்த ஊர்ப் பக்கம்தான் 1600 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று கட்டத் தொடங்கி, வேலை பாதியில் நின்றது. அதைப் பற்றி ஊருக்குள் பல கருத்து உண்டு, அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் நிலக்கரி என்றாலே எனக்குச் செலினியம் நினைவுக்கு வரும். நிலக்கரியில் அது கொஞ்சம் கலந்திருக்கும், எரித்தால் சாம்பலுக்கும் புகைக்கும் போகும், சாம்பலைத் தண்ணீர் விட்டுக் குட்டையில் தேக்கினால் அந்தத் தண்ணீரில் கரைந்து இறங்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் என்றொரு ஏரி. 1970களில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டைத் தண்ணீர் அதில் கலந்தது. ஏரித் தண்ணீரில் செலினியம் லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம்தான். இந்தியாவில் குடிநீருக்கே அந்த அளவு வரை அனுமதி உண்டு. ஆனால் ஏரியில் இருந்த 20 வகை மீன்களில் 19 வகை அற்றுப்போனது. தண்ணீரில் இருந்தது பாசிக்குப் போய், பாசியிலிருந்து புழு பூச்சிக்கு, அங்கிருந்து மீனுக்கு, மீனின் சினைக்கு என்று படிக்குப் படி ஏறியதுதான் காரணம். தாய் மீன் நன்றாகத்தான் இருக்கும். குஞ்சுதான் கோணலாகப் பிறக்கும், அல்லது பிறக்காது.

மதியம் காரங்காடு. வனத்துறையிடம் அனுமதிக் கடிதம் முன்பே வாங்கியிருந்தோம். படகுக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். "டீச்சர், இந்தச் சேத்த மிதிச்சா ரெண்டு நாளைக்கிக் கால் நாறும், பாத்துக்கிருங்க" என்றார். அலையாத்திக் காட்டின் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில் நட்டதுபோல நிற்கின்றன. கால் வைக்க இடமில்லை. படகிலிருந்தபடியே ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் இறக்கி, மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்து மெதுவாக இழுத்தாள் மாணவி. குழாய்க்குள் சேறு அப்படியே தூண் மாதிரி வந்தது. மேலே நகக்கண் அளவுக்குப் பழுப்பு. அதற்குக் கீழே திடீரென்று மை போலக் கறுப்பு. இடையில் கோடு போட்டதுபோல எல்லை. அழுகிய முட்டை வாடை.

அந்தக் கோட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேலே ஆக்ஸிஜன் உண்டு, கீழே இல்லை. கீழே இருப்பவர்கள் எப்படி மூச்சு விடுவார்கள்?

மூச்சு என்பது ஒரு வகையில் சுமையை இறக்குவது. சாப்பாட்டை எரிக்கும்போது கிடைக்கும் எலக்ட்ரான்களை எங்காவது இறக்கி வைத்தால்தான் உயிருக்கு சக்தி கிடைக்கும். நாம் ஆக்ஸிஜன்மேல் இறக்குகிறோம். அந்தக் காலத்தில் தலைச்சுமையோடு நடப்பவர்களுக்கு வழியில் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்களே, அது மாதிரி. ஆக்ஸிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில் வேறு சுமைதாங்கி தேட வேண்டும். நைட்ரேட் கிடைத்தால் முதலில் அது. சல்ஃபேட் கிடைத்தால் அது, அதிலிருந்து வருவதுதான் இந்த அழுகிய முட்டை வாடை. செலினியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்த ஒரு வடிவம் செலினேட், அது கிடைத்தால் அதையும் சில பாக்டீரியாக்கள் விடுவதில்லை. செலினேட் இரண்டு எலக்ட்ரானை வாங்கிச் செலினைட் ஆகும், இன்னும் நான்கு வாங்கினால் வெறும் செலினியம் ஆகிவிடும். செலினேட்டும் செலினைட்டும் தண்ணீரில் கரையும், உடம்புக்குள் போகும். வெறும் செலினியம் கரையாது. சிவப்பு நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண் உருண்டைகளாக, பாக்டீரியாவின் உள்ளேயும் வெளியேயும் சேரும். செலினைட்டை இப்படி மாற்றப் பல பாக்டீரியாக்களுக்குத் தெரியும், சிலவற்றுக்கு அது மூச்சுக்காக இல்லை, தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

படகுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சேற்றைப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த நாத்தமும் ஒரு மூச்சுதான்" என்றார். ஆமாம் அண்ணே, அவ்வளவுதான்.

லாட்ஜுக்கு வந்தபோது இரவு எட்டு மணி. தேவிபட்டினம் ட்யூப் ஆரஞ்சு நிறமாகியிருந்தது. கொதிக்கவைத்தது அப்படியே தெளிவாக. மாணவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். இருபது வருடம் இந்த வேலையில் இருந்தும் எனக்கும் கண் கலங்கியது.

மூன்றாம் நாள்: வாலிநோக்கம்

முதலில் காரங்காடு. ஒரே இரவில் சிவந்துவிட்டது. குங்குமத்தைக் கரைத்ததுபோல அடர் சிவப்பு. ஆனால் கொதிக்கவைத்த ட்யூபிலும் லேசாக ஆரஞ்சு. மாணவி பயந்துவிட்டாள், சேறு சரியாக வேகவில்லையோ என்று. எனக்குத் தோன்றியது வேறு. அந்தக் கறுப்புச் சேற்றில் சல்ஃபைடு நிறைய. சல்ஃபைடும் செலினைட்டும் உயிர் எதுவும் இல்லாமலே வினைபுரிந்து ஆரஞ்சாகும். ஆக, காரங்காட்டுச் சிவப்பு முழுவதையும் பாக்டீரியாவின் கணக்கில் எழுத முடியாது. ஒரு பங்கு நேரடி வேதியியல். அந்தச் சல்ஃபைடைச் செய்ததும் ஒரு பாக்டீரியாதான் என்பது வேறு கதை. இந்த வித்தியாசத்தை ஆய்வேட்டில் கட்டாயம் எழுதச் சொன்னேன். கொதித்த ட்யூபை ஒளித்துவைத்துவிட்டுச் சிவப்பை மட்டும் படம் எடுத்துப் போடுவது பெரிய தவறு.

கீழக்கரை, ஏர்வாடி வழியாக வாலிநோக்கம். கச்சான் காற்று ஆளைத் தள்ளுகிறது. உப்பளத்தில் பாத்தி பாத்தியாக வானம் படுத்திருக்கிறது. வரப்பில் நின்ற ஓர் அக்கா, "என்னக்கா, டிகிரி பாக்க வந்தீகளா?" என்று கேட்டார். உப்பளத்தில் தண்ணீரின் கடுமைக்கு டிகிரிதான் கணக்கு. கடல் தண்ணீர் 3 டிகிரி. வெயிலில் பாத்தி மாறி மாறி ஏறி 25 டிகிரி வந்தால் உப்பு விழத் தொடங்கும்.

கடைசிப் பாத்திகளில் தண்ணீர் ரோஜா நிறம். "இதுதான் அந்தச் சிவப்பா மேடம்?" என்று மாணவி கேட்டாள். இல்லை. இது உப்பை விரும்பும் நுண்ணுயிர்களின் உடம்பு நிறம், கேரட்டில் இருக்கும் நிறமிக்குச் சொந்தக்காரன். இரண்டு சிவப்பையும் குழப்பக் கூடாது. ஆனால் உப்புக்கும் நம் விஷயத்துக்கும் தொடர்பு இருக்கிறது. உலகில் செலினியம் கலந்த கழிவுநீர் பல இடங்களில் உப்பு நீராகவும் இருக்கும். நல்ல தண்ணீர் பாக்டீரியா அதில் தாங்காது. சாக்கடலின் சேற்றிலிருந்து செலினேட்டை மூச்சாக்கும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து 2001இல் விவரித்தார்கள், செலினிஹாலனேரோபாக்டர் என்று நீளமான பெயர். அதனால்தான் உப்பளத்துக்கு வந்தோம். 10 டிகிரிப் பாத்தியிலும் 24 டிகிரிப் பாத்தியிலும் சேறு எடுத்தோம், அந்தந்தப் பாத்தித் தண்ணீரிலேயே செலினைட்டைக் கலந்து ட்யூப் போட்டோம்.

அப்போதுதான் அவற்றைப் பார்த்தேன். ஆழமில்லாத பாத்தியில் நாலைந்து பவளக்கால் உள்ளான்கள். கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு, நம்ப முடியாத நீளத்தில் இளஞ்சிவப்புக் கால். ஒவ்வொரு அடிக்கும் கால் மடிந்து தண்ணீரை விட்டு முழுதாக வெளியே வந்து, சத்தமில்லாமல் மறுபடி இறங்குகிறது. அலகால் தண்ணீரின் மேல்தோலில் குத்திப் பூச்சி எடுக்கிறது.

இதன் நெருங்கிய உறவுப் பறவை கலிஃபோர்னியாவில் உண்டு. அங்கே சான் வாகீன் பள்ளத்தாக்கில் வயல்களின் வடிகால் தண்ணீரைக் கெஸ்டர்சன் என்ற நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மண்ணில் இயற்கையாகவே இருந்த செலினியத்தைப் பாசனத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தது. லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் அளவுக்கு. 1983இல் ஹாரி ஓலன்டார்ஃப் என்ற ஆய்வாளர் அங்கே கூடுகளைப் பார்க்கப் போனார். கண் இல்லாத குஞ்சுகள், அலகு திருகிய குஞ்சுகள், கால் இல்லாத குஞ்சுகள். உள்ளானும் அதில் உண்டு. 1986இல் வடிகால் தண்ணீர் வருவதை நிறுத்தினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் வடிகால் தண்ணீரிலிருந்துதான் செலினேட்டில் மூச்சு விடும் தாவேரா செலினாட்டிஸ் என்ற பாக்டீரியாவும் கிடைத்தது. விஷம் இருந்த இடத்திலேயே மருந்தும் இருந்தது. ஆனாலும் பறவைகளை அது காப்பாற்றவில்லை. ஏன்? அடிச்சேற்றில் பாக்டீரியா வேலை செய்துகொண்டிருந்த அதே நேரத்தில் மேல் தண்ணீரில் பாசியும் பூச்சியும் விஷத்தை ஏற்றிக்கொண்டன, பறவை மேலேதானே மேய்கிறது. ஆகவே திறந்த குட்டையில் விட்டுவிட்டு பாக்டீரியா பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். மூடிய தொட்டி வேண்டும். பாக்டீரியா ஒட்டி வளரக் கரித்துண்டு, தீனிக்கு வெல்லப்பாகுக் கழிவு, காற்று புகாத அமைப்பு. வரும் தண்ணீரில் நைட்ரேட் இருந்தால் பாக்டீரியா முதலில் அதைத்தான் தொடும், அதற்கும் சேர்த்துத் தீனி போட வேண்டும். இப்படி ஓடும் ஆலைகள் வெளிநாட்டில் உண்டு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே கொண்டுவந்தும் காட்டியிருக்கிறார்கள்.

உள்ளான்கள் பறக்கும்வரை நின்றோம். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம்.

நான்காம் நாள்: சின்னப்பாலம்

10 டிகிரிப் பாத்தி ட்யூப் லேசாக ஆரஞ்சு காட்டுகிறது. 24 டிகிரி அசையவே இல்லை. அதற்குப் பொறுமை வேண்டும், வாரக் கணக்கில்.

பாம்பனில் இறங்கிச் சின்னப்பாலம். மாணவியின் அம்மா பாசி எடுக்கும் தொழில். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பிடுங்க வேண்டும். சுற்றியும் அந்த விரல்களில் வெட்டுத் தழும்பு இல்லாத இடம் இல்லை. சோறும் நகரை மீன் குழம்பும் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவியதும், "எங்க, காட்டுங்க டீச்சர். மூணு நாளா இவ போன்ல இதைத்தான் சொல்றா."

டப்பாவைத் திண்ணையில் வைத்துத் திறந்தேன். உறைக்கு வெளியே இருந்தே பார்த்தார். சிவப்பு எப்படி வந்தது என்று மகள்தான் சொன்னாள். சுமைதாங்கிக் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, வெசம் எங்க போச்சு?" என்றார்.

எங்கும் போகவில்லை. எண்ணெய்க் கசிவைத் தின்னும் பாக்டீரியா எண்ணெயைக் கரியமில வாயுவாக்கி ஊதிவிடும். செலினியம் தனிமம், அதை எந்தப் பாக்டீரியாவாலும் அழிக்க முடியாது. ட்யூபில் போட்ட அளவு ட்யூபிலேயே இருக்கிறது, கரைந்திருந்தது கரையாததாகியிருக்கிறது. அவ்வளவுதான். மறுபடி காற்றும் ஆக்ஸிஜனும் பட்டுக்கொண்டே இருந்தால் மெதுவாகத் திரும்பக் கரையவும் செய்யும்.

"அப்ப அந்தச் செவப்ப அள்ளி எடுக்கணும்ல?" என்றார். "எப்பிடி எடுப்பீக? அடியில தங்கவே இல்லையே."

உண்மை. தேவிபட்டினம் ட்யூப் சிவந்து இரண்டு நாளாகிறது. சேறு அடியில் படிந்துவிட்டது, சிவப்பு படியவில்லை. உருண்டைகள் ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறியது தண்ணீரில் மிதந்தபடியே இருக்கும், வடிகட்டினாலும் பாதி தப்பிவிடும். ஆலைகளிலும் இதே தலைவலிதான்.

எட்டு வருடத்துக்கு முன் பஞ்சாபில் நவன்ஷஹர் பக்கம் ஒரு வீட்டில் எருமையைப் பார்த்தேன். சிவாலிக் மலையிலிருந்து ஓடைகள் கொண்டுவந்த மண்ணில் செலினியம், அந்த மண்ணில் விளைந்த தீவனத்தில் செலினியம். குளம்பு வெடித்து, வால் நுனி அழுகி, நிற்க முடியாமல் நின்றது. வீட்டுக்காரப் பெண்மணி அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான், இது எங்கே போகும் என்று. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் ட்யூபையே பார்த்தார். "ஊரணித் தண்ணி கலங்கலா இருந்தா நாங்க தேத்தாங்கொட்டை ஒரசி ஊத்துவோம். எங்கம்மா காலத்துல பானைக்குள்ளயே ஒரசுவாக. இல்லாட்டிப் படிகாரம். இதுக்கு ஒரசிப் பாத்தீகளா?"

மாணவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆலைகளில் படிகார வகை உப்பைப் போட்டுத்தான் இந்த நுண் உருண்டைகளைத் திரட்டுகிறார்கள். அதை நான் படித்தது ஆய்வுக் கட்டுரையில்.

மதுரை, மறுநாள் இரவு

வரும் வழியில் இராமநாதபுரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் தேற்றான் கொட்டை வாங்கினேன். கல்லூரி ஆய்வகத்தில் கையுறை போட்டு, தேவிபட்டினத்துச் சிவப்பை மூன்று ட்யூபில் பிரித்தோம். ஒன்றில் எதுவும் போடவில்லை. ஒன்றில் படிகாரக் கரைசல் சில சொட்டு. ஒன்றில் தேற்றான் கொட்டையைச் சொரசொரப்பான கல்லில் நீர்விட்டு உரசிய பால்.

படிகாரம் போட்ட ட்யூபில் கொஞ்ச நேரத்திலேயே தூள் தூளாகத் திரிந்து, பனி இறங்குவதுபோலச் சிவப்பு இறங்கத் தொடங்கியது. இப்போது அடியில் ஒரு செந்நிற வட்டம், மேலே தண்ணீர் தெளிவு. எதுவும் போடாதது அப்படியே இருக்கிறது. தேற்றான் கொட்டை ட்யூபில் மேலே விரலளவு மட்டும் நிறம் வெளுத்திருக்கிறது, கீழே இன்னும் கலங்கல். உரசியது போதவில்லையோ, உப்புத் தண்ணீருக்கு அளவு வேறோ.

மாணவி அம்மாவுக்கு போன் போட்டாள். எவ்வளவு நேரம் உரச வேண்டும் என்று கேட்டு, ஆய்வேட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டிருக்கிறாள்.